பெறுநர் மாறிய கடிதம்

வகுப்பில் அவளுக்குக் கத்தரி என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் 'அக்கா' என்பார்கள். படியிறங்கி, கீழே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையைத் தாண்டியதும், "கத்தரி இன்னைக்கு என்னோடதுல பதினோரு வரிய வெட்டிட்டா" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது. பொருத்தமான பெயர்தான் என்று விட்டுவிட்டாள்.

வெளிநாட்டு மருத்துவமனைகளுக்கு வேலைக்குப் போக விரும்பும் மருத்துவர்கள், செவிலியர்கள், பிசியோதெரபிஸ்டுகள் எல்லோரும் ஓர் ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். அதில் ஒரு பகுதி கடிதம். ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளை இரண்டு பக்கத்துக்குக் கொடுப்பார்கள். வயது, வேலை, எத்தனை சிகரெட், என்ன மாத்திரை, தம்பிக்குச் சர்க்கரை நோய், வீட்டில் இரண்டு பூனை என்று எல்லாம் இருக்கும். முதல் ஐந்து நிமிடம் படிக்க மட்டும். பேனாவைத் தொடக் கூடாது. அடுத்த நாற்பது நிமிடத்தில், இந்த நோயாளியை அடுத்துப் பார்க்கப்போகிறவருக்கு இருநூறு வார்த்தைக்குள் கடிதம் எழுத வேண்டும்.

செவிலியர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வழுக்கி விழுவார்கள். ஒன்றையும் விட மாட்டார்கள். வார்டில் பழகிய பழக்கம் அப்படி. அங்கே எழுதாத வேலை செய்யாத வேலை; ஒரு வரி விட்டுப்போனால் மறுநாள் விசாரணை. அதனால் பூனையைக்கூட விட மனம் வராது. கத்தரி ஒவ்வொரு வரியின் மேலும் சிவப்புப் பேனாவை வைத்துக் கேட்பாள்: "இந்த வரி இல்லேன்னா, படிக்கிறவர் தப்பு பண்ணுவாரா? மாட்டாரா? அப்ப வெட்டு."

இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பத்தொன்பது வருடம் வார்டில் டியூட்டி மாற்றிய அனுபவம் அது. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்ட் வந்து நிற்கும்போது, முப்பது படுக்கைகளையும் பத்து நிமிடத்தில் கைமாற்றிவிட வேண்டும். வந்தவள் எதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் நோயாளிக்கு ஆபத்தோ அதை முதலில் சொல்ல வேண்டும். கடிதமும் அதுதான் என்று தானாகவே கண்டுபிடித்துக்கொண்டாள். கண்டுபிடித்த இடம் மருத்துவமனையின் துணி அறை. அவளை அங்கே தள்ளிய கதையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாளில் ஒரு தையல்காரர், அறுபத்துநாலு வயது, ஏழாவது படுக்கையில் இருந்தார். இரண்டு மணிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆக்ஸிஜன் அளவு தொண்ணூறு. இரண்டு பத்துக்கு வார்டு போனிலிருந்து டியூட்டி டாக்டரின் வீட்டுக்குக் கூப்பிட்டாள். "ஆக்ஸிஜன் வைங்க. சாப்பிட்டு வந்துடறேன்" என்றார். இரண்டு நாற்பதுக்கு எண்பத்தாறு. மறுபடி கூப்பிட்டாள். "எத்தனை வாட்டிம்மா கூப்பிடுவ? நான்தான் வர்றேன்னு சொன்னேன்ல?" என்று வைத்துவிட்டார். அவர் வந்தது நாலே கால். தையல்காரரின் மனைவி அதுவரை கணவரின் கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு கட்டிலருகே நின்றிருந்தார். ஆம்புலன்ஸில் பெரிய மருத்துவமனைக்கு மாற்றினார்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி. செவ்வாய்க்கிழமை தையல்காரர் இறந்துபோனார்.

விசாரணையில் டாக்டர், தனக்குத் தகவல் வந்ததே நாலு மணிக்குப் பத்து நிமிடம் முன்னால்தான் என்றார். இரண்டு போனையும் கத்தரி நேரத்தோடு எழுதி வைத்திருந்தாள். ஆனால் நோயாளியோடு ஆம்புலன்ஸில் போன ஃபைல் திரும்பி வந்தபோது அதில் ஞாயிற்றுக்கிழமைத் தாள் இல்லை. யார் உருவினார்கள் என்று அவளுக்குத் தெரியாது. இன்றும் கேட்டால் தெரியாது என்றுதான் சொல்வாள். பார்க்காததைச் சொல்கிற வழக்கம் அவளுக்குக் கிடையாது.

அவளுடைய பணிப் பதிவேட்டில் ஒரு வரி ஏறியது: 'நோயாளியின் நிலை மோசமானதை மருத்துவரிடம் தாமதமாகத் தெரிவித்தார்.' வார்டிலிருந்து துணி அறைக்கு மாற்றினார்கள். மடித்த விரிப்புகளுக்கு நடுவே ஒரு ஸ்டூல் போட்டுக்கொண்டு அவள் தேர்வுக்குப் படித்தாள். எழுதினாள். கடிதத்தில் மிக உயர்ந்த தரம் கிடைத்தது. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்று வாங்க வாங்க என்றது. பழைய இடத்திலிருந்து நன்னடத்தைக் கடிதம் மட்டும் வேண்டும் என்றது. கடிதம் போயிற்று, அந்த ஒரு வரியையும் சுமந்துகொண்டு. பிறகு அங்கிருந்து பேச்சு மூச்சில்லை. இன்னும் இரண்டு இடங்களில் முயன்றாள், அதே கதை. தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும். அந்த இரண்டு வருடமும் அவள் கண்ணெதிரே கரைந்துபோனது. வேலையை விட்டுவிட்டு, இந்தப் பயிற்சி மையத்துக்கு வந்து, மற்றவர்களை விமானம் ஏற்ற ஆரம்பித்தாள்.

அந்த டாக்டர் ஒரு திங்கட்கிழமை காலை வகுப்புக்குள் நுழைந்தார்.

மையத்துக்காரர் கூடவே வந்தார். சம்பந்தி வீட்டாரை அழைத்துவருகிற மாதிரி முகமெல்லாம் சிரிப்பு. "டாக்டர் சாருக்கு மத்த எல்லாத்துலயும் பாஸ். கடிதத்துல மட்டும் ரெண்டு தடவை கொஞ்சம் தவறிடுச்சு. வெளிநாட்டுல அவர் பொண்ணு இருக்கற ஊர்லயே வேலை தயாரா இருக்கு. நீங்கதான் பார்த்துக்கணும்" என்றார்.

"வணக்கம் மேடம்" என்றார் டாக்டர்.

மேடம்! கத்தரி அவர் முகத்தையே பார்த்தாள். அவர் கண்ணில் ஒன்றும் அசையவில்லை. எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. பதினோரு வருடம் ஒரே வார்டில் அவர் பின்னால் ஃபைலோடு நடந்தவள் அவள். வெள்ளை உடையை எடுத்துவிட்டால் அவருக்கு அவள் யாரோ.

"உட்காருங்க சார்" என்றாள்.

முதல் நான்கு வாரம் அவள் செய்த காரியத்தை அவளே பிறகு பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை. டாக்டர் எழுதித்தந்த கடிதங்களில் ஒரு சிவப்புக் கோடுகூடப் போடவில்லை. அவர் கடிதங்கள் படுமோசம். எதற்காக எழுதுகிறோம் என்பது கடைசிப் பத்தியில்தான் வரும். வரும் வழியெல்லாம் சுருக்கெழுத்து. அத்தனைக்கும் வரிசையாக டிக் போட்டு, கீழே 'நன்று' என்று எழுதித் திருப்பிக் கொடுத்தாள்.

வகுப்பே வாயைப் பிளந்தது. பிசியோ என்று எல்லோரும் கூப்பிடும் பிசியோதெரபிஸ்ட் பையன்தான் வாய்த்துடுக்கு. "அக்கா, என் தாளைப் பார்த்தா யாரோ கோழி அறுத்த மாதிரி இருக்கு. சாரோடது மட்டும் சலவைக்குப் போட்டு எடுத்த மாதிரி. என்ன ரகசியம்?"

"அனுபவம்" என்றாள் கத்தரி. டாக்டர் அடக்கமாகச் சிரித்தார்.

வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அவள் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது கணவன் எட்டிப் பார்த்தான். அவன் லிஃப்ட் மெக்கானிக். "இது யாருது? ஒரு சிவப்புகூட இல்ல?"

"அந்த ஆளுது."

அவனுக்கு யாரென்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "லிஃப்ட் கயிறு நைஞ்சுபோயிருக்கு, நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போடற."

"போடறேன். ஏறட்டும். விழட்டும்."

"விழுவாரு. எழுந்து, பரீட்சை சரியில்லன்னு சொல்லிட்டு இன்னொரு தடவை எழுதுவாரு. நீ தள்ளினேன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அவன் கைகழுவப் போய்விட்டான். அவன் கேட்டது நியாயம். யாருக்கு என்று போடாமல் தபால்பெட்டியில் கடிதத்தைப் போட்டு என்ன பயன்? யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் பார் என்று தினமும் தொண்டை வற்றக் கத்துகிறவள், தன் விஷயத்தில் அதையே கோட்டைவிட்டிருந்தாள்.

அன்றே ஒரு புதிய குறிப்பை எழுதினாள். யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. காணாமல்போன தாள் வரிக்கு வரி மனப்பாடம். தையல்காரரைச் செருப்புக் கடைக்காரர் ஆக்கினாள். படுக்கை எண்ணை மாற்றினாள். குடலிறக்கம், மூன்றாம் நாள், மூச்சுத் திணறல், தொண்ணூறு, எண்பத்தாறு எல்லாம் அப்படியே இருந்தன. '2.10: செவிலியர் டியூட்டி மருத்துவருக்குத் தொலைபேசியில் தெரிவித்தார். 2.40: மீண்டும் தெரிவித்தார். 4.15: மருத்துவர் வந்தார்.' நடுவில் வழக்கம்போல் வேண்டாத வரிகளைத் தூவினாள்: வலதுகைப் பழக்கம், காது மந்தம், மனைவி உடனிருந்தார்.

புதன்கிழமை அதை வகுப்பில் கொடுத்தாள். பெறுநர், பெரிய மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர். டாக்டர் சாவகாசமாக எழுதி முடித்தார். அன்று முதல்முறையாக அவர் தாளில் சிவப்புப் பேனாவை உண்மையாக ஓட்டினாள். நான்கு வாரப் பாக்கியும் சேர்ந்து தாள் ரத்தக்களறி ஆனது. ஆனால் ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. இரண்டு போன் வரிகளையும் டாக்டர் விட்டிருந்தார். அவளுடைய கேள்வியையே அவள் கேட்டுக்கொண்டாள். அந்த வரிகள் இல்லாவிட்டால் தீவிர சிகிச்சை மருத்துவர் தப்பு பண்ணுவாரா? மாட்டார். மூச்சு எப்போது திணறியது என்று தெரிந்தால் போதும். யார் யாருக்குப் போன் செய்தார்கள் என்பது அவருக்கு எதற்கு? பல்லைக் கடித்துக்கொண்டு அந்த இடத்தில் ஒரு டிக் போட்டாள். தாள் கிழிந்தது.

தன் தாளைப் பார்த்த டாக்டரின் முகம் சுருங்கிவிட்டது. "என்ன மேடம், திடீர்னு இவ்வளவு?"

"இனிமே இப்படித்தான் சார்."

சனிக்கிழமை அதே குறிப்பை மறுபடி விநியோகித்தாள்.

"அக்கா, இது புதன்கிழமை எழுதியாச்சே" என்றாள் பிரசவ வார்டு நர்ஸ்.

"நோட்ஸ் அதேதான். பெறுநர் மாறியிருக்கார். இந்தத் தடவை ஆஸ்பத்திரியோட நோயாளிப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுதறீங்க. சிகிச்சை ஏன் தாமதமாச்சுன்னு அவர் கேட்டிருக்கார். அஞ்சு நிமிஷம் படிங்க. பேனாவ கீழ வைங்க."

பதினைந்து தலைகள் குனிந்தன. அவள் ஒரு தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் நிமிடம்வரை சாதாரணமாகப் படித்தார். மூன்றாம் நிமிடம் அவர் விரல் ஒரு வரியில் நின்றது. மேலே போனது. மறுபடி கீழே வந்தது. பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கி, ஒரு மாதத்தில் முதல்முறையாக, அவளைப் பார்த்தார்.

"ஆரம்பிக்கலாம்" என்றாள்.

மற்ற பேனாக்கள் ஓட ஆரம்பித்து வெகுநேரம் கழித்து அவருடையது நகர்ந்தது. பத்து நிமிடத்தில் எழுந்து அவள் மேசைக்கு வந்தார். குரல் அவருக்கே கேட்காத அளவுக்கு இருந்தது. "சிஸ்டர்… இந்தப் போன் வரியெல்லாம் அவசியம் வரணுமா?"

"யார் படிக்கப்போறாங்கன்னு பாருங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் அவரவர் கடிதத்தை அவரவரே எழுந்து வாசிக்க வேண்டும். அது வகுப்பின் வழக்கம். அன்று பதினான்கு பேர் ஒருவர் பின் ஒருவராக வாசித்தார்கள். இரண்டு பத்துக்குச் செவிலியர் தெரிவித்தார். இரண்டு நாற்பதுக்கு மீண்டும் தெரிவித்தார். மருத்துவர் நாலே காலுக்குத்தான் வந்தார். பதினான்கு குரல், பதினான்கு உச்சரிப்பு, ஒரே விஷயம். விசாரணை அறையில் அவளைத் தவிர ஒருவரும் சொல்லாத ஒன்றை, முன்பின் தெரியாத பதினான்கு பேர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்கள். கத்தரி கைகளைக் கட்டிக்கொண்டு கேட்டாள். ஒவ்வொரு 'நாலே காலு'க்கும் அவளுக்குள் இனித்தது.

"அந்த டாக்டர் ரெண்டு மணிநேரம் என்ன பண்ணிட்டிருந்தான்?" என்றான் பிசியோ, வாசித்து முடித்து உட்காரும்போது.

"தூங்கியிருப்பான். பழி மட்டும் நர்ஸ் தலையில விழுந்திருக்கும்" என்றாள் பிரசவ வார்டு நர்ஸ். "எங்க ஆஸ்பத்திரியிலயும் ஒண்ணு இருக்கு அந்த மாதிரி."

"நோட்ஸ்ல இல்லாதத பேசாதீங்க" என்றாள் கத்தரி. "சார், நீங்க வாசிங்க."

டாக்டர் எழுந்தார். தாளை முகத்துக்கு நேரே பிடித்து வாசித்தார். அவர் கடிதத்தில், 'மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது; அவர் 4.15-க்கு வந்தார்' என்று இருந்தது.

"சார், எப்ப தெரிவிச்சாங்கன்னு விட்டுட்டீங்க" என்றான் பிசியோ.

"அதானே சார் கேட்டிருக்காங்க? நேரம்தானே கேள்வியே" என்றாள் பிரசவ வார்டு நர்ஸ், உதவி செய்கிற பாசத்தோடு.

"தெரியுது" என்றார் டாக்டர்.

"திருத்தி எழுதிட்டுப் போங்க சார்" என்றாள் கத்தரி.

வகுப்பு கலைந்தது. நாற்காலிகள் இழுபட்ட சத்தம் அடங்கியபோது அறையில் இருவர்தான் இருந்தார்கள். அவர் எழுதிக்கொண்டுவந்து வைத்தார். இந்த முறை இரண்டு நேரமும் இருந்தன. கடைசியில், யாரும் கேட்காத ஒரு வரியும் இருந்தது: 'நேர்ந்ததற்கு மருத்துவர் ஆழ்ந்து வருந்துகிறார்.'

கத்தரி அதன்மேல் சிவப்புப் பேனாவை வைத்தாள். "இந்த வரி இல்லேன்னா படிக்கிறவர் தப்பு பண்ணுவாரா சார்?"

அவள் அதை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அடித்தாள்.

"சிஸ்டர், அன்னைக்கு வீட்ல விருந்தாளிங்க. எழுந்து வர முடியல. விசாரணைன்னு வந்ததும் பயந்துட்டேன்."

"நோட்ஸ்ல இல்லாதத எழுதவும் கூடாது, சொல்லவும் கூடாது. வகுப்புல தினம் சொல்றேனே."

"இப்ப நான் என்ன பண்ணணும்ங்கறீங்க?"

"பெறுநர மாத்துங்க. பழைய ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்குப் போடுங்க. டியூட்டி மருத்துவர்னு இருக்கற இடத்துல உங்க பேரு. செவிலியர்னு இருக்கற இடத்துல என் பேரு. என் பேரு ஞாபகம் இருக்கா?"

அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் பலகையில் எழுதிக் காட்டினாள்.

பலகையைப் பார்த்துவிட்டு, "இத அனுப்பினா எனக்கு அங்கேருந்து நன்னடத்தைக் கடிதம் கிடைக்காது. பொண்ணுகிட்ட போக முடியாது" என்றார்.

"தெரியும் சார். நானும் போகல."

"அனுப்பலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது. இந்த நோட்ஸ் நல்லா அமைஞ்சிருக்கு. இனிமே ஒவ்வொரு பேட்ச்லயும் கொடுப்பேன். ஒவ்வொரு பேட்ச்லயும் உங்க ஆஸ்பத்திரி நர்ஸுங்க ரெண்டு பேராவது வர்றாங்க. பேரில்லாத அந்த டாக்டர் யாருன்னு அவங்க கண்டுபிடிக்க எத்தனை நாள் ஆகும்னு நினைக்கிறீங்க?"

அவர் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய் வரவில்லை. மையத்துக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டு வந்து, "டாக்டர ஏதாவது சொன்னீங்களா?" என்றார். "அவர் தாளத் திருத்தினேன்" என்றாள். புதன்கிழமை, வகுப்பு தொடங்க அரைமணி முன்னால், டாக்டர் படியேறி வந்து கடிதத்தை மேசையில் வைத்தார்.

கத்தரி சிவப்புப் பேனாவை எடுத்தாள். நோக்கம் முதல் வரியில் வரவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். மறுநாள் கொண்டுவந்தார். தேதி தெளிவாக இல்லை என்றாள். மூன்றாம் முறை கொண்டுவந்தபோது, பதிவேட்டில் ஏறிய வரி தவறு, நீக்க வேண்டும் என்பதுவரை எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஒரு வார்த்தையைக்கூடத் தொட முடியாது. அதையும் திருப்பினாள். வலது ஓரத்தில் இடம் போதவில்லை என்றாள். பிறகு பத்தி இடைவெளி. பிறகு கையெழுத்துச் சாய்வு. ஏழு முறை எழுதவைத்தாள். இரண்டு பத்து, இரண்டு நாற்பது, நாலே கால் என்று அவர் தன் கையால் ஏழு முறை எழுதினார். ஏழாவதைப் பதிவுத் தபாலில் அனுப்ப, தபால் நிலையத்துக்கு அவரோடு தானே போனாள். ரசீதை வாங்கித் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

ஐந்து மாதம் கழித்து மருத்துவமனையிலிருந்து இரண்டு வரியில் பதில் வந்தது. அவள் பதிவேட்டிலிருந்து குறிப்பு நீக்கப்பட்டது. டாக்டர் மீது விசாரணை தொடங்கப்பட்டிருக்கிறது. என்றாவது அது முடிந்துவிடும் என்ற நம்பிக்கையில் அவர் இன்னும் வகுப்புக்கு வந்துகொண்டிருந்தார். கணவன் அதை இரண்டு தடவை படித்தான். பிறகு மேசையில் கிடந்த தாள்களில் டாக்டரின் எழுத்தைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினான். ஒவ்வொரு வரிக்கும் சிவப்பு, ஓரமெல்லாம் விளக்கம், பின்பக்கத்தில் ஒரு முழு மாதிரிக் கடிதம்.

"இவ்வளவு பாடுபட்டுச் சொல்லிக்கொடுக்கற? மனசு இளகிடுச்சா?"

"இளகல. இந்தத் தடவை அவர் பாஸ் பண்ணணும். சாதாரணமா இல்ல, என்னை மாதிரி பண்ணணும்."

"எதுக்கு? விசாரணை முடியறவரைக்கும் அவருக்கு நன்னடத்தைக் கடிதம் கொடுக்க மாட்டாங்களே. மார்க்க வெச்சுக்கிட்டு அவரு எங்க போவாரு?"

"எங்கயும் போக மாட்டாரு. ரெண்டு வருஷம் அதைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பாரு" என்றாள் கத்தரி. அடுத்த வரியின் கீழே கோடு போட்டு, அது ஏன் தவறு என்று பொறுமையாக, தெளிவாக, எழுத ஆரம்பித்தாள்.